அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?

2024 ஆகஸ்டில் 'கொட்டுக்காளி' வந்தபோது கடலூர்த் திரையரங்கு ஒன்றில் பார்த்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் இருந்தவர், கோபமே இல்லாமல், நிஜமான குழப்பத்தோடு கேட்டார்: "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" தேவனாம்பட்டினத்துக்காரர், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வெளியே வண்டி எடுக்கும்போது, "அண்ணே, மீதிய நாளைக்குப் போடுவாங்களா?" என்றார். கிண்டலா, உண்மையிலேயே கேட்டாரா என்று அப்போது தெரியவில்லை. படம் நூறு நிமிடம். அடுத்த மாதமே வந்த 'கோட்' 183 நிமிடம். அதைப் பார்த்துவிட்டு வந்து 'இன்னுமா முடியவில்லை' என்று கேட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

இந்த வகைப் படத்துக்குத் தமிழில் பெயர்கூடக் கிடையாது. 'குறும்படம்' என்றால் கல்லூரிப் பிள்ளைகள் எடுக்கும் பத்து, இருபது நிமிடச் சமாச்சாரம். 'சின்னப் படம்' என்றால் கோடம்பாக்கத்தில் நீளத்தைச் சொல்வதில்லை, பணத்தைச் சொல்கிறார்கள். ஆஸ்கர் அகாடமியின் கணக்கில் நாற்பது நிமிடத்தைத் தாண்டினாலே முழுநீளப் படம். நம் கணக்கில் இரண்டு மணிக்குக் கீழே இறங்கினால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். எழுத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே குறுநாவல் என்ற நல்ல சொல் இருக்கிறது. குறுநாவலைப் படித்துவிட்டு யாரும் 'மீதி எங்கே' என்று கேட்பதில்லை. கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் அந்த வடிவத்தில் கைதேர்ந்தவர். அவரே படமெடுக்க வந்து, 1965இல் பாட்டு இல்லாத 'உன்னைப்போல் ஒருவ'னைத் தந்தார். தேசிய விருதுகளில் 'சாருலதா' முதலிடம் பெற்ற அதே ஆண்டில் இது மூன்றாவது சிறந்த படமாயிற்று. குறுநாவலாக எழுதிய 'யாருக்காக அழுதா'னையும் அடுத்த ஆண்டு நாகேஷை வைத்துத் தானே இயக்கினார். எழுத்தாளர் ஜெயகாந்தனைக் கொண்டாடும் எங்கள் ஊரில் அந்த இரண்டு படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இங்கே நான் சொல்ல வரும் வகையை, வேறு பெயர் கிடைக்கும்வரை, 'ஒன்றரை மணிப் படம்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

பின்வரிசைக்காரரின் கேள்வியை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. அவர் நீளத்தை எங்கே கற்றார் என்று பார்க்க வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். யாரும் கண்கொட்டாமல் பார்ப்பதில்லை. பாய் விரித்துப் படுத்து, நடுவில் தூங்கி, கட்டியக்காரன் பேச்சுக்கு எழுந்து சிரித்து, டீ குடித்துவிட்டு வந்தால் துரியோதனன் இன்னும் தன் வீரத்தைப் பாடிக்கொண்டிருப்பான். கதை எல்லாருக்கும் தெரிந்தது. அங்கே வாங்க வருவது ஒரு முழு ராத்திரி. கம்பெனி நாடகம் அந்த ராத்திரியை எடுத்துக்கொண்டது, பேசும்படம் கம்பெனி நாடகத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. 'சந்திரலேகா' மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடியது கதை அவ்வளவு இருந்ததால் என்று யார் சொல்வார்? பாட்டுக்கு வெளியே போய்ப் புகைத்துவிட்டு வரலாம், அழும் குழந்தையைத் தாழ்வாரத்தில் உலாத்தலாம். படம் கோபித்துக்கொள்ளாது. நீளமான தமிழ்ப் படம் கவனக்குறைவை மன்னிக்கிற வடிவம். அது ஒரு பெருந்தன்மை என்றுகூடச் சொல்வேன்.

ஒன்றரை மணிப் படத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஐந்து நிமிடம் வெளியே போனால் படம் உங்களை விட்டுப் போய்விடும்.

'கொட்டுக்காளி'யை எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 75 நிமிடம். குடிகாரத் தகப்பன், பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவரக் கிளம்புகிறான். போகும்போது பேருந்து. திரும்பும்போது மதுரைப் பக்கத்து வெயிலில், நிழலே இல்லாத பொட்டலில் நடை. கதை இவ்வளவுதான். வழக்கமான ஒரு படம் இந்தக் குடும்பத்தின் முன்கதைக்கு அரைமணி எடுத்துக்கொண்டிருக்கும்: கல்யாணம், முதல் அடி, முதல் முறை அவள் கோபித்துக்கொண்டு போனது, இடையில் ஒரு தாலாட்டு. வினோத்ராஜ் என்ன செய்கிறார்? பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. முன்கதை முடிந்தது. இத்தனை முறை நடந்திருக்கிறான் என்பது நமக்கு வயிற்றில் விழுகிறது. யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. படரசிகன் இந்த வகைப் படத்தைத் தேடிப் போவது இதற்காகத்தான். நேரம் மிச்சமாகிறது என்பதெல்லாம் அப்புறம். அரைமணி நேரத்தை ஒரு பொருளுக்குள் அடைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது சினிமா பார்த்துப் பார்த்துப் பழகியவனுக்குக் கிடைக்கிற கூலி. ஆனால் அந்தக் கூலிக்கு ஒரு நிபந்தனை உண்டு. நடையை அவனோடு ஒரே மூச்சில் நடந்து வந்திருந்தால்தான் குவியல் கனக்கும். நடுவில் இறங்கி ஏறினால் அது வெறும் கல்.

சுருக்கம் நம்மிடம் எப்போதும் கலைக்காக வந்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு வந்து, வெள்ளைக்கார அரசு படங்களுக்கு 11,000 அடி என்று வரம்பு போட்டது. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போர் முடிந்து வரம்பு விலகியதும் படங்கள் பழையபடி நீண்டன. கற்றுக்கொண்டது எதுவும் தங்கவில்லை. 1954இல் எஸ். பாலசந்தர் 'அந்த நா'ளைப் பாட்டோ நடனமோ இல்லாமல் எடுத்தார். ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் சொல்லும் அந்த உத்திக்கு முன்மாதிரி குரோசவாவின் 'ரஷோமான்'. அது 88 நிமிடம். பாட்டே இல்லாத 'அந்த நாள்' இரண்டு மணியைத் தாண்டுகிறது. பாட்டை வெட்டத் துணிந்த மகா துணிச்சல்காரருக்கும் கடிகாரத்தை வெட்ட மனம் வரவில்லை. 2016 கடைசியில் கார்த்திக் நரேன் 105 நிமிடத்தில், பாட்டில்லாமல், 'துருவங்கள் பதினா'றை எடுத்து ஓடவும் வைத்தபோது பலருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அது துப்பறியும் கதை என்பதை மறக்கக் கூடாது. முடிச்சு அவிழ்ந்துவிட்டால் காசு வசூல் என்று பார்வையாளன் ஒப்புக்கொள்வான். செழியனின் 'டு லெட்' 99 நிமிடம். வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பம், பின்னணி இசைகூட இல்லை. அங்கே அவிழ்க்க முடிச்சு ஏதும் கிடையாது. அதைப் பார்த்தவர்கள் அதற்கென்றே தேடி வந்தவர்கள்.

குறைகளுக்கு வருகிறேன். சுருக்கம் இப்போது ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. எழுதி முடிக்காத திரைக்கதைக்கு 'திறந்த முடிவு' என்று பெயர் வைத்துவிடலாம். பாத்திரத்துக்கு ஆழம் இல்லையென்றால் 'அவள் மௌனமே பேசுகிறது' என்று பேட்டி கொடுத்துவிடலாம். பட விழாவுக்குப் போகும் படங்களில் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நாம் இரண்டு நிமிடம் நடக்கிறோம். சிலவற்றில் அந்த நடைக்குக் காரணம் இருக்கிறது, சிலவற்றில் நிமிடக் கணக்கை எழுபதுக்குக் கொண்டுபோகிற அவசியம் மட்டும் இருக்கிறது. ஒன்றரை மணிப் படமும் நீளமாக இருக்க முடியும் என்பதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். 'கொட்டுக்காளி'யில் சாலையை மறித்து நிற்கும் காளையைப் பார்த்து ஆண்கள் எல்லாம் தயங்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாளே, அந்த இடம் பிரமாதம். படம் சொல்ல வந்தது அதிலேயே வந்துவிட்டது. அதற்கப்புறமும் அந்தக் குடும்பம் போகும் ஷேர் ஆட்டோ நின்று நின்று போவதில் ஒரு பதினைந்து நிமிடம் எனக்கு அதிகமாகவே பட்டது. முடிவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நாயகன் என்ன முடிவெடுப்பான் என்ற கேள்வியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகும் உரிமையை அந்தப் பயணம் சம்பாதித்திருக்கிறது.

தொகுப்புப் படங்கள் இன்னொரு நோய். ஹலிதா ஷமீமின் 'சில்லுக்கருப்பட்டி' (2019) நான்கு கதைகளை ஒரே கையால் கட்டியதால் நின்றது. அதற்கப்புறம் ஓடிடி நிறுவனங்கள் பெயர்பெற்ற இயக்குநர்களை ஆளுக்கு அரைமணி என்று பந்தி வைத்தன. 2021இல் வந்த 'நவரசா'வில் ஒன்பது பேர், ஒன்பது ரசம். அரைமணிக்கான கதையை யோசித்தவர்கள் அதில் குறைவு. மூன்று மணிப் படத்தின் ஒரு மூலையை நறுக்கித் தட்டில் வைத்தவர்கள் அதிகம். குறுநாவல் என்பது நாவலின் எட்டாம் அத்தியாயம் இல்லை என்று ஜெயகாந்தனிடம் யாரும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு விபத்தும் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' மேடையில் வந்த குறும்படங்கள் முழுநீளப் படமாக ஊதப்பட்டன. 'பண்ணையாரும் பத்மினியும்', 'முண்டாசுப்பட்டி' இரண்டும் 2014இல் அப்படி வந்தவை. பத்மினி காருக்கும் அந்தக் கிழத் தம்பதிக்கும் நடுவில் இருக்கும் பாசம் எண்பது, தொண்ணூறு நிமிடத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்குமேல் ஓட்டுநரின் காதல் வந்து இடத்தை நிரப்புகிறது. நல்ல படம்தான், ஆனால் அதன் உண்மையான நீளத்தில் அதை எடுக்க இங்கே யாரும் விடமாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு இடம் உண்டு, நூற்றைம்பது நிமிடத்துக்கு இடம் உண்டு, நடுவில் பள்ளம்.

பள்ளத்துக்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் திரையரங்குக்கு நாளொன்றுக்கு நான்கு காட்சி என்பது வழக்கமான கணக்கு. கூடுதல் காட்சிக்கு அரசின் அனுமதி வேண்டும். ஆகவே படம் 75 நிமிடம் என்றாலும் 180 நிமிடம் என்றாலும் முதலாளிக்கு நான்கு முறைதான் சீட்டு கிழியும். சுருக்கமான படத்தால் அவருக்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது. உள்ளதும் குறையும், ஏனென்றால் இடைவேளை. கடலையும் பாப்கார்னும் விற்றாக வேண்டும். எவ்வளவு குட்டையான படத்தையும் நடுவில் முறித்து விளக்கைப் போடுவார்கள். ஐம்பது நிமிடம் கட்டி வைத்த இறுக்கம் சமோசா வாசனையில் கலைந்துபோகும். பார்வையாளன் பக்கமும் கணக்கு அதேதான். தேவனாம்பட்டினத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்பினால் சீட்டு, வண்டி நிறுத்தம், தின்பண்டம் எல்லாம் மூன்று மணிப் படத்துக்கு என்ன ஆகுமோ அதே செலவு. விடியுமுன் கடலுக்குப் போகிறவனுக்கு செகண்ட் ஷோ என்பதே பகல் கனவு. அவனுக்கு வாய்க்கிற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம். அப்போது கையில் நேரம் நிறைய, பணம் குறைவு. அந்தப் பணத்துக்கு நீளமான படம்தான் நியாயமாகப் படும். 'அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா' என்பது விமரிசனம் என்பதைவிட, மீன் விலை தெரிந்தவரின் எடைக் கணக்கு.

இப்படித் திரையரங்கு கைவிட்ட படங்கள் போய்ச் சேரும் இடம் ஓடிடி. 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, அந்த ஆண்டே இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையும் ஆயிற்று. இங்கே மக்கள் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில், சோனிலிவ் தளத்தில். கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில் உட்கார்ந்து போட்டால், இருபதாவது நிமிடத்தில் சிலிண்டர்காரர் மணி அடிக்கிறார். நிறுத்துகிறேன். நாற்பதாவது நிமிடத்தில் போன். நிறுத்துகிறேன். மிச்சத்தை மறுநாள் பார்த்தேன். ஒரே மூச்சில் பார்ப்பதற்கென்றே செய்த ஒரு பண்டத்தை, எந்த நொடியிலும் மூச்சை நிறுத்த வசதியுள்ள பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். நீளமான படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பெரிய மோசமில்லை, அது கூத்தின் பிள்ளை. இதற்கு அது தாங்காது. ஒன்றரை மணிப் படங்களின் மேல் எனக்கிருக்கும் மனக்குறையில் பாதி படங்களைப் பற்றியது, பாதி என் வீட்டு சோபாவைப் பற்றியது.

போன தடைக்காலத்தில் அந்தப் பின்வரிசைக்காரரை சில்வர் பீச்சில் பார்த்தேன். வலை பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "அன்னைக்கு ஒரு படம் பாத்தமே, அந்த டைரக்டரு வேற ஏதாச்சும் எடுத்திருக்காரா?" என்றார். ராத்திரி வீட்டுக்கு வரச் சொன்னேன். மொட்டைமாடியில் மடிக்கணினியை வைத்து, கைப்பேசிகளைக் கீழே விட்டுவிட்டு வந்து, 'கூழாங்கல்' போட்டேன். எழுபத்தைந்து நிமிடமும் அவர் பீடி பற்றவைக்கவில்லை. பையன் கல்லை எடுத்து வைத்தபோது மட்டும் லேசாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

முடிந்தபின் கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன கல்லு இருக்கும்ணே?" என்றார்.

பின்னால் போட்டு, நிறுத்தி எண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம், விடுங்க" என்றார்.