கடலின்மேல் ஒரு குளம்

கிள்ளானில் வசிப்பவர் அரை மணி நேரத்தில் துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்றாலும், அங்கே காணக்கிடைப்பவை கப்பல்களும் அலையாத்திக் காடுகளுமே ஆதலால், குளித்து இளைப்பாற விரும்புவோர் மோரிப்புக்கோ, சிப்பாங் பக்கத்துப் பாகான் லாலாங்குக்கோ, கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்டிக்சனுக்கோ போவதே வழக்கம். முன்பு தோட்டத்து லாரியில் ஏறி, புளிச்சோற்றுப் பொட்டலமும் கோழிக்குழம்புத் தூக்குச்சட்டியுமாகத் தெலுக் கெமாங் மணலில் பாய் விரித்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள், இன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து காரில் புறப்பட்டுக் கடலோர ஓட்டலில் இரண்டு இரவு தங்கி வருகிறார்கள் என்றால், அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

இவ்வழக்கத்தின் பிரதான குணத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் குறைவு. பண்டிகையிலும் பள்ளி விடுமுறையிலும் வீட்டார் அனைவரும் ஓய்ந்திருக்க, தான் மட்டும் அடுப்படியில் நின்ற இல்லத்தரசிக்கு, யாருக்குத் தோசை, யாருக்கு ரொட்டி சானாய் என்று விசாரிக்க வேண்டாத காலைப்பொழுது கிடைக்கிறது. பழைய லாரிப் பயணத்தை நாம் எத்தனை வாஞ்சையோடு பேசினாலும், அந்தப் புளிச்சோற்றைக் கிளற விடியுமுன் எழுந்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த வெள்ளி வீணில்லை என்பது என் கட்சி.

குறை, கட்டட அமைப்பில் தொடங்குகிறது. போர்ட்டிக்சனில் லெக்சிஸ் ஹைபிஸ்கஸ் என்னும் விடுதி, மலேசியாவின் தேசிய மலரான செம்பருத்தியின் உருவில் கடல்மீது தூண் நாட்டிக் கட்டப்பட்டது. பாகான் லாலாங்கின் அவானி சிப்பாங் கோல்ட்கோஸ்ட் பனைமர உருவில் நீர்மேல் படர்ந்து கிடக்கிறது. பூவும் மரமும் விமானத்தில் போகிறவர் கண்ணுக்கு. உள்ளே தங்கியவருக்கு நீண்ட நடைபாதையும் அறை வரிசையும்தான். முன்னதில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே ஒரு சிறு குளம் வேறு. மலாக்கா நீரிணை முழுவதும் காலடியில் கிடக்க, நாம் தொட்டி நீரில் நீராடுகிறோம். பரிகசிப்பது சுலபம். ஆயினும், ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் கலங்கிய கரை இது. ஓதம் வற்றும்போது மோரிப்பில் மணலுக்கப்பால் நெடுந்தூரம் சேறே தெரியும். குழந்தையை அந்நீரில் இறக்கத் தயங்கும் தாய்க்குக் குளம் ஓர் உபகாரமே.

ஆனால் போஜனத்தைப் பற்றி இவ்வாறு சமாதானம் சொல்ல என்னால் இயலவில்லை. பஃபே என்னும் முறை, மணிக்கணக்கில் சூட்டில் கிடந்தாலும் கெடாத பதார்த்தங்களையே தேடும்படி சமையற்காரரை நிர்ப்பந்திக்கிறது. ஆகவே, ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தும், தட்டில் விழும் மீன் மூடிய பாத்திரத்துக்குள் வெந்து வெந்து உலர்ந்த துண்டமாகவே இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர், அயல்நாட்டார் ஆகிய அனைவரையும் ஒரே கறியால் திருப்தி செய்யப் புகுந்து, எவருக்கும் சொந்தமில்லாத ஒரு கறியைச் சமைத்து வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விரதமும் புரட்டாசி நியமமும் உடைய நம் பெரியவர்களின் பாடோ மகா சங்கடம்: கீரைதானே என்று கங்கோங்கை எடுத்தால் அதில் பெலாச்சான், நாசி லெமாக் சம்பலில் நெத்திலி. கடைசியில் ரொட்டியும் பப்பாளித் துண்டும் தின்று, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

விடுதி வாசலைத் தாண்டினால், மீனையும் நண்டையும் நாமே தேர்ந்து, எடைபோட்டு, கேட்ட பக்குவத்தில் சமைத்துத் தரும் கடலுணவுக் கடைகள் இருக்கின்றன. இருந்தும் பலர் போவதில்லை. அறை வாடகையோடு உணவுக்கும் சேர்த்துக் கட்டியாகிவிட்டதால், கட்டிய பணத்தைத் தின்றே தீர்ப்பது என்ற வைராக்கியம் பிறந்துவிடுகிறது; மூன்றாம் தட்டுக்குப் பின் வரும் அசதியையே விஸ்ராந்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆதலால் போகிறவர்கள், பதிவு செய்யும்போதே காலை உணவோடு நிறுத்திக்கொண்டு, மற்ற வேளைகளில் வெளியே சென்று உண்பது உத்தமம். விடுதிக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: எந்தப் பாத்திரத்தில் பெலாச்சானும் நெத்திலியும் சேர்ந்திருக்கின்றன என்று ஒரு சிறு சீட்டில் எழுதிவைக்க அதிகச் செலவாகாது.