சுட்டு விரல்

நாவலில் வரும் சம்பாஷணை பேச்சைப் போலவே இருக்க வேண்டும் என்று விமர்சகர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். பேச்சு என்பது எது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் 1980இல் ரிச்சர்ட் போல்ட் என்பவர், பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டினார். சுவரளவு திரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் தெரியும் ஓர் உருவத்துக்கு நேரே கையை நீட்டி, 'அதை அங்கே வை' என்பார்கள். உருவம் இடம் மாறும். காது மட்டும் இருந்திருந்தால், எதை, எங்கே என்று தெரியாமல் யந்திரம் விழித்திருக்கும். மணிக்கட்டில் கட்டிய கருவி கை நீளும் திசையையும் சொன்னதால்தான் அர்த்தம் பூர்த்தியாயிற்று.

தமிழ் இலக்கணக்காரர்கள் இத்தகைய சொற்களுக்குச் சுட்டு என்றே பெயர் வைத்தார்கள். விரல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கதை எழுதுகிற நாம்தான் அதை மறந்துவிட்டோம். என் முதல் நாவலில் பக்கம் பக்கமாகப் பேச்சு. பேசுகிறவர்களுக்கோ கையுமில்லை, கண்ணுமில்லை. 'டேப்பில் பிடித்த மாதிரி' என்று சிலர் மெச்சினார்கள். அது மெச்சத்தக்க விஷயமல்ல என்று இப்போது தெரிகிறது. முகம் பார்த்துப் பேசும்போது பாதி, வாய்க்கு வெளியே நடக்கிறது. மீதியை மட்டும் எழுதிவிட்டு, தத்ரூபமான சம்பாஷணை என்று சொல்லிக்கொள்ள இனி எனக்குத் துணிவில்லை.