வழக்கும் மறைப்பும்: 'சம்விருதி' என்னும் சொல்லின் தமிழாக்கம்

பௌத்த மெய்யியல் உண்மையைப் பரமார்த்தம், சம்விருதி என இரண்டாகப் பகுக்கிறது. பின்னதனை 'மாயை' என்றோ 'பொய்த்தோற்றம்' என்றோ தமிழில் பெயர்ப்பது நூற்பொருளைத் திரித்துவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சிக்கல் மூலச்சொல்லிலேயே உள்ளது. பாலியிலுள்ள 'சம்முதி' எண்ணுதற்பொருள் தரும் 'மன்' என்னும் வேரினின்று பிறந்து உடன்பாட்டைக் குறிக்கும். வடமொழிச் 'சம்விருதி'யோ மூடுதற்பொருள் தரும் வேரினது. 7ஆம் நூற்றாண்டினரான சந்திரகீர்த்தி, 'பிரசன்னபதா' உரையில் இச்சொல்லுக்கு மூன்று பொருள் கூறுகிறார்: மெய்ம்மையை மூடும் அறியாமை, ஒன்றையொன்று சார்ந்து நிற்றல், உலக வழக்காகிய குறியீடு. திபெத்தியர் தம் பெயர்ப்பில் மூடுதற்பொருளைத் தழுவினர்; சீனர் உலகியல் எனப் பொருள்படும் சொல்லைக் கொண்டனர்.

நாகார்ச்சுனரின் 'மூலமத்தியமக காரிகை' 24ஆம் அதிகாரத்தில், எல்லாம் சூனியமெனின் நால்வகை வாய்மைகளும் அழியுமே என எதிர்வாதி வினவுகிறான். வழக்கைச் சாராமல் பரமார்த்தத்தை உணர்த்தவியலாது என்பது விடையின் ஒரு கூறு. உலகப்பொருள்கள் மாயை போன்றவை என்பது உவமை. மாயையே என்பது வேறு. வழக்கைப் பொய்யென்று பெயர்ப்பவர், தம்மையறியாமலே எதிர்வாதியின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்.

தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. மணிமேகலையின் 30ஆம் காதை 'வழக்கு' என்பதனையே கலைச்சொல்லாக ஆள்கிறது. பல எழுத்துகள் கூடியதைச் சொல் என்றும், பல நாள்கள் கூடியதைத் திங்கள் என்றும் வழங்குதலை அது 'இயைந்துரை' என்கிறது. நாள்களுக்கு அப்பால் திங்கள் என்றொரு பொருள் இல்லை. ஆயினும் திங்கட்கணக்கில் கூலி பெறுவது பொய்யாகாது.

அங்ஙனமாயின், பலரும் ஒப்பியதெல்லாம் உண்மையாகுமா? ஆகாது. ஊரார் அனைவரும் நீரென்று கூறினும் கானல் வேட்கை தணிக்காது. பழுதுற்ற புலன்கள் தரும் அறிவை, உலகியல் நிலையிலேயே பிழையெனச் சந்திரகீர்த்தி விலக்குகிறார். 8ஆம் நூற்றாண்டு ஞானகர்ப்பரோ, காரியம் விளைவிக்கும் ஆற்றலையே மெய்வழக்கைப் பொய்வழக்கினின்று பிரிக்கும் அளவுகோலாகக் கொள்கிறார். 'வழக்கு' என்னும் தமிழ்ச்சொல்லும் வெறும் பெரும்பான்மையைச் சுட்டுவதன்று. தொல்காப்பிய மரபியல் அதனை உயர்ந்தோரைச் சார்த்தியே வரையறுக்கிறது. திருத்தத்திற்கு இடந்தரும் நெறி என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

எனவே 'வழக்குண்மை' என்னும் ஆக்கமே பொதுவாகத் தக்கது. அது மூடுதற்பொருளை இழக்கிறது என்பது மெய்யே. அப்பொருள் முதன்மை பெறுமிடத்து 'மறைப்பு' எனப் பெயர்த்து, மூலச்சொல் ஒன்றே என்பதனை அடிக்குறிப்பில் சுட்டலாம். ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்னும் விதியைக் காப்பதினும், வாதத்தின் போக்கைக் காப்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடன்.