தேனீயும் காக்கையும் குருவாகும்போது

பாகவத புராணத்தின் பதினோராம் கந்தத்தில் அவதூதர் ஒருவர் யது மன்னனிடம் தம் 24 குருமார்களை எண்ணிச் சொல்கிறார். மண், காற்று, கடல், மலைப்பாம்பு, விட்டில், சிலந்தி என அவற்றுள் பெரும்பாலானவை இயற்கையில் கண்டவை. அவற்றில் தேனீ இரண்டு பாடம் தருகிறது. அது பூவுக்குப் பூ சிறிதளவே எடுப்பதுபோலத் துறவியும் வீட்டுக்கு வீடு சிறிதளவே ஏற்க வேண்டும். ஆனால் அதைப்போலச் சேர்த்து வைக்கக் கூடாது. ஒரே பூச்சி வழிகாட்டியாகவும் எச்சரிக்கையாகவும் நிற்கிறது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்ற முடிவு தேனீயிடமிருந்து வந்ததன்று. துறவறத்தின் அளவுகோலை அவதூதர் முன்பே கையில் வைத்திருந்தார்.

இயற்கையைக் கண்டு அறம் தேறும் வழக்கத்தின் அடிப்படைக் குறை இதுவே. குறளில் (527) இரையை ஒளிக்காமல் இனத்தைக் கூவி அழைக்கும் காக்கை, சுற்றம் பேணுதலுக்கு உவமையாகிறது. அதே காக்கை பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிச் செல்லும். உவமை அந்தப் பக்கம் போவதில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் பெர்ண்ட் ஹைன்ரிச் ஆராய்ந்த ரேவன் என்னும் பெருங்காக்கைகளில், இறந்த விலங்கைக் கண்ட இளம் பறவைகள் மற்றவற்றையும் கூவிச் சேர்க்கின்றன. அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடும் முதிர்ந்த இணையைத் தனியாக எதிர்க்க முடியாது என்பதே காரணம். பகிர்வு உண்மை, ஈகை மனிதர் ஏற்றிச் சொன்னது. வள்ளுவர் இங்கே கவனமாக இருக்கிறார்: காக்கையை வள்ளலாக்காமல், அத்தகைய இயல்புடையோர்க்கு ஆக்கம் சேரும் என்று பயனையே சொல்கிறார்.

அளவுகோலை மறைத்துக்கொண்டு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும்போது தீங்கும் விளைகிறது. தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும் என்று ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஸ்பென்சர் 1864-இல் எழுதிய தொடர், எளியோரைக் கைவிடுவதற்கு நியாயமாகப் பிறரால் எடுத்தாளப்பட்டது. சைபீரியாவில் விலங்குகளைக் கவனித்த ரஷ்யச் சிந்தனையாளர் குரொபோட்கினோ, 1902-இல் வெளியான தம் நூலில் ஒத்துதவுதலை முன்வைத்தார்.

இந்த வழக்கத்தின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் நூற்றாண்டுக் கணக்கில் விவேகத்துக்கு உவமையாக நின்றது. உண்மையான அன்னம் அப்படிச் செய்வதில்லை. பொறுமையாகப் பார்ப்பவர் தமக்குப் பிடித்த பாடத்தையே கைவிட நேரும். அந்தப் பயிற்சி மதிப்புமிக்கது. எதிரிலிருப்பதை அதன் போக்கில் காணும் கண்ணை அது தருகிறது. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாருக்கு அந்தப் பயிர் எந்த நெறியையும் போதிக்கவில்லை. அது நீரின்றி நின்றது. அவர் அதன் தேவையைக் கண்டார். 1867-இல் வடலூரில் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையும் பசித்தவரின் தேவையைக் கண்டு எழுந்ததே.