கருவும் கருத்தும்

ஒரு நூலை ஆராயப் புகுவோர், அதனை ஆக்கினோர் யார், அது யாரைப் பற்றிக் கூறுகின்றது, யாரைக் கூறாது விடுகின்றது என்னும் மூன்றனையும் முதற்கண் நோக்குதல் முறையாகும். செய்யுளுக்கேயன்றிச் சட்டத்துக்கும் இம்முறை பொருந்தும். கருக்கலைப்புப் பற்றி நம் நாட்டில் இன்றும் வழங்கும் சட்டத்தை இவ்வாறு ஆராய்வாம்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காத்தற்கன்றி வேறு காரணத்தாற் கருவைச் சிதைப்போர்க்கு 3 ஆண்டு வரையும், வயிற்றிற் குழந்தையின் அசைவு தோன்றிய பின்னராயின் 7 ஆண்டு வரையும் சிறை விதிக்கின்றது. தன் கருவைத் தானே சிதைக்கும் பெண்ணும் குற்றவாளியே என அதன் விளக்கம் கூறும். பெண்ணின் இசைவைப் பற்றிய பேச்சு அடுத்த பிரிவிலேயே வருகின்றது. அங்கும், இசைவின்றிச் செய்தார்க்குத் தண்டனையை மிகுத்தற்கே அது பயன்படுகின்றது. கருவுக்குக் காரணனாகிய ஆடவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதனை இயற்றிய அந்நாளைச் சட்டசபையிற் பெண் ஒருத்தியேனும் இருந்திலள்.

பின்னாளிலும் நிலைமை பெரிதும் மாறிற்றில்லை. வன்புணர்ச்சி, தகாப்புணர்ச்சி, கருவின் கடுங்குறைபாடு என்னும் நிலைகளில் விலக்களிக்க 1995இல் பாராளுமன்றத்துக்கு வந்த ஏற்பாடு எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. அன்று அவையில் மகளிர் பத்தில் ஒரு பங்கினரும் இலர். 2017இல் எழுந்த முயற்சியும் சமயத் தலைவர்களின் எதிர்ப்பின்பின் நின்றுபோயிற்று. அண்டை நாடாகிய இந்தியாவிலோ, 1971ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் கருத்துடன் பெண்ணின் இசைவையும் வேண்டிற்று. வயதுவந்த பெண்ணுக்குக் கணவனின் இசைவை அது வேண்டவில்லை.

"கருவும் உயிரன்றோ?" என வினவுவார் உளர். கருவதையைப் பெரும்பாவமென நம் தரும நூல்கள் கூறுதல் உண்மையே. பெண்களுள்ளும் அவ்வாறு கருதுவோர் பலர். எல்லாப் பெண்களும் ஒரே கருத்தினர் எனக் கொள்ளுதல் பிழையாகும். ஆயினும், இருவரால் உண்டாய கருவின் பழியை ஒருத்தி தலையில் மட்டும் சுமத்துதல் எவ்வறத்தின்பாற்படும்? பொருளுடையார் மறைவாக மருத்துவரை நாடுவர். இல்லாதார் பயிலாத கைகளை நாடி உயிரையே இழக்கவும் நேரும். இச்சட்டம் கருவையும் காத்திலது, தாயையும் காத்திலது.

எம் முரசுமோட்டை முதலிய வன்னி ஊர்களிலே, 2009இற் போர் முடிந்தபின், குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர். வயல் விதைப்பு, கடன், பிள்ளையின் படிப்பு அனைத்தையும் அவர்கள் தீர்மானித்தலை ஏற்கும் நாம், அவர்தம் உடலைப் பற்றிய தீர்மானத்தில் மட்டும் நீதிபதியாகின்றோம். ஒருநாள் மாலை ஆடவர் சிலர் கூடி இப்பொருளை வாதித்தோம். யானும் உரத்துப் பேசினேன். தேநீர் கொணர்ந்த மூதாட்டி ஒருவர், "தம்பியவை, பெறுகிறவளிட்டை ஒருக்காக் கேட்டனியளோ?" என்று வினவி அகன்றார். எம்மிடம் விடையில்லை.

இவ்விவாதத்தில் ஆடவர்க்கு இடமில்லை என்பது எம் கருத்தன்று. ஆனால் அவ்விடம் தீர்ப்புக் கூறும் இடமன்று. கேட்டலும், கருவுக்குத் தாமும் பொறுப்பாதலும், பெண்களின் சாட்சியத்தைக் கேளாது இனியொரு சட்டம் எழாவண்ணம் தம் வாக்கைப் பயன்படுத்தலுமே ஆடவர்க்குரிய கடன்கள். 1995இற் கைவிடப்பட்ட அம்மூன்று விலக்குகளையேனும் அளித்தல் நீதியின் முதற்படியாம். மேலே செல்லும் வழியைப் பெண்களே கூறுக, நாம் கேட்போமாக.