‘திடீர்னு ஸ்லோ ஆயிடுது’: கேமிங் கணினிக்குச் சொல்லப்படும் தீர்வுகள் பற்றி ஒரு விமர்சனம்

போன சித்திரையில் அரூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன மறுநாளே அக்கா மகன் பிடித்துக்கொண்டான். “மாமா, கார்டு போயிடுச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க. புதுசு வாங்கணுமாம்.” அக்கா அடுக்களையிலிருந்து, “வளையலை வச்சுத்தான் ஆவணும் போல, என்னா பண்றது” என்றாள். அவன் அந்தக் கணினியில் கேம் மட்டும் ஆடுவதில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்து மாதம் கொஞ்சம் சம்பாதிக்கிறான். அதனால்தான் வளையல் வரை பேச்சு வந்தது.

அன்று பார்த்ததை வைத்து, இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் குவிந்து கிடக்கும் ‘எஃப்.பி.எஸ். டிராப்’ தீர்வுகளைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை பொய் இல்லை. ஆனால் அவை கேட்கவேண்டிய முதல் கேள்வியைக் கேட்பதே இல்லை.

பையன் சொன்ன அறிகுறி இது. கேம் ஆரம்பித்ததும் 90 எஃப்.பி.எஸ். வருகிறது. அரை மணி, நாற்பது நிமிஷம் நன்றாக ஓடுகிறது. பிறகு திடீரென்று 30க்கு வந்துவிடுகிறது. அவன் செய்த வைத்தியங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். டிரைவரை அழித்து மறுபடி போட்டது, பவர் பிளானை ‘ஹை பர்ஃபாமன்ஸ்’ ஆக்கியது, ரிஜிஸ்ட்ரியில் ஏதோ மாற்றியது, மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தது, இரண்டு ‘பூஸ்டர்’ மென்பொருள், இரண்டு முறை ஃபார்மட். மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே “சரியாச்சு” என்று எழுதி, பிறகு அடித்திருந்தான்.

என்னை யோசிக்க வைத்தது அந்த அடித்தல்கள்தான். பதினான்கு வைத்தியமும் முதலில் வேலை செய்திருக்கிறது! எப்படி? பதினான்கிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, ரீஸ்டார்ட். டிரைவர் போட்டாலும் ரிஜிஸ்ட்ரியை மாற்றினாலும் கடைசியில் கணினியை அணைத்துப் போடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது ஆறிவிடும். ஆறிய கணினி அடுத்த அரை மணி நன்றாகத்தான் ஓடும். வீடியோ போடுகிறவர் ‘முன்’, ‘பின்’ என்று அரை நிமிஷம் காட்டிவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுகிறார். நாற்பதாவது நிமிஷத்தில் வருகிற கோளாறை அரை நிமிஷத்தில் சோதிப்பது சோதனையே இல்லை. தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதைதான்.

தர்க்கமும் இடிக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி விண்டோஸின் ஒரு பாதுகாப்பு வசதி. அது இருந்தால் கேம்களில் வேகம் கொஞ்சம் குறையலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழப்பு முதல் நிமிஷத்திலிருந்தே இருக்கும். எப்போதும் இருக்கிற ஒன்று, நாற்பதாவது நிமிஷத்தில் மட்டும் வருகிற வீழ்ச்சிக்குக் காரணமாக முடியாது. இதைக்கூட யோசிக்காமல் பாதுகாப்பை அணைக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அவனிடம் நான் கேட்டது, “கம்ப்யூட்டர் எங்கடா இருக்குது?” டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் பலகை. முன்பக்கம் மட்டும் திறப்பு. ஷீட் போட்ட வீடு, மத்தியானம் அறைக்குள்ளேயே 37 டிகிரி. தீர்த்தமலைப் பக்கமிருந்து காற்று வரும் என்பார்கள், சித்திரையில் வருவது புழுதிதான். கேபினெட்டின் முன்வலையில் அந்தப் புழுதி கம்பளி மாதிரி படிந்திருந்தது. உள்ளே பிராசஸர் ஃபேன் அலறிக்கொண்டிருந்தது. பையன் ஹெட்செட் போட்டு ஆடுவதால் அவன் காதில் அது விழவே இல்லை.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு மணி நேரம் பதிவு செய்தபடி ஆடச் சொன்னேன். அவனுடையது இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. அந்தப் பிராசஸர் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், வெப்ப எல்லை 100 டிகிரி. பதிவில் வெப்பம் 85, 90, 95 என்று மெதுவாக ஏறி, முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் 100ஐத் தொட்டது. உடனே வேகம் 4இலிருந்து 2 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே. ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று சிவப்பில் வந்தது. அதே நேரத்தில் கார்டின் வெப்பம் 78தான். அதன் வேலைப்பளு 97 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கியிருந்தது. அதாவது கார்டு சாகவில்லை. பிராசஸர் வேலை அனுப்பாததால் சும்மா காத்துக்கொண்டிருந்தது. வளையல் எந்தக் கார்டுக்காகப் போக இருந்ததோ, அதுதான் அந்தப் பெட்டியிலேயே நல்ல நிலையில் இருந்த பாகம்.

‘திடீர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். வீழ்ச்சி திடீர்தான், காரணம் திடீர் இல்லை. இரண்டு வருஷமாகப் புழுதி சேர்ந்தது, வெயில் மாதாமாதம் ஏறியது. வெப்பம் 99 ஆகும்வரை கணினி முழு வேகத்தில் ஓடும், 100இல் பிரேக் போடும். மெதுவாக ஏறுகிற ஒன்று எல்லையைத் தொட்டதும் நமக்கு அது ‘திடீர்’ ஆகத் தெரிகிறது. நாம் என்ன செய்கிறோம்? நேற்று என்ன மாறியது என்று தேடுகிறோம். நேற்று ஏதோ ஒரு அப்டேட் கட்டாயம் வந்திருக்கும். பழி அதன்மேல் விழுகிறது.

அப்டேட் எப்போதும் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. 2021 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்றால் சிலருக்குக் கேம்களில் வேகம் குறைந்ததை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில், சில ரைசன் கணினிகள் அவ்வப்போது ஒரு நொடி திக்குவதற்கு எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி காரணம் என்று ஏஎம்டி சொல்லி, பயாஸ் திருத்தம் வரும் என்று அறிவித்தது. 2024 டிசம்பரில் என்விடியா ஆப்பின் கேம் ஃபில்டர் வசதியால் சில கேம்களில் 15 சதவீதம் வரை வேகம் போனது. இந்தக் கோளாறுகள் எதற்கும் அறை வெப்பம் காரணம் இல்லை. கணினி ஆறியிருந்தாலும் வரும். எந்த நேரத்தில் வருகிறது என்பதே நோயைப் பாதி சொல்லிவிடும்.

அறிவுரைகளில் இன்னொரு குறை, சராசரியை நம்புவது. ஒரு நொடியில் 60 படம் என்றால் படத்துக்கு 16.7 மில்லிநொடி. 59 படம் 15 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லிநொடி எடுத்தால்? கூட்டினால் சரியாக ஒரு நொடி, சராசரி 60தான். ஆனால் அந்த ஒரு படத்தில் ஆட்டம் திக்கும். 2011இல் ஸ்காட் வாசன் டெக் ரிப்போர்ட் தளத்தில் இதைத்தான் எழுதினார். அதற்குப் பிறகு நல்ல விமர்சகர்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தை அளக்க ஆரம்பித்தார்கள். நம் வீடியோக்களில் இன்னும் மூலையில் ஓடும் ஒற்றை எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

அறை வெப்பத்தையும் யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டு விமர்சனங்களில் கணினி இருப்பது பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில். கணக்கு எளிது. அறை 22இல் 78 டிகிரி காட்டும் பிராசஸர், அதே வேலைக்கு 37 டிகிரி அறையில் 93ஐ ஒட்டி வரும். ஷோகேஸுக்குள் காற்று 45 ஆனால் 100ஐத் தாண்டப் பார்க்கும். கார்டு மட்டுமே 170 வாட் வரை இழுக்கும். மூன்று 60 வாட் குண்டு பல்பை அலமாரிக்குள் எரியவிட்டு மூடியது மாதிரி.

நம்ம ஊர் விளக்கத்தையும் விமர்சிக்காமல் விட்டால் நியாயம் இல்லை. “லோ வோல்டேஜ்ங்க, அதான்” என்று அரூரில் எல்லாரும் சொன்னார்கள். மின்னழுத்தம் குறைந்தால் சீலிங் ஃபேன் சுழற்சி குறையும், அறை புழுங்கும், அதுவரை சரி. ஆனால் கணினியின் எஸ்எம்பிஎஸ் உள்ளே போகும் மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் 12 வோல்ட்டைச் சீராகவே தரும். தாங்க முடியாவிட்டால் அணைந்துவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். பாதி வேகத்தில் ஓடாது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் எதையும் மாற்றாமல் ஒரு சோதனை. கணினியை வெளியே எடுத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை நேராக வைத்து ஒன்றரை மணி நேரம் ஆடினான். வீழ்ச்சி வரவில்லை. காரணம் வெப்பம் என்று உறுதியானது. வேகம் குறைந்திருக்கும்போதே கேமை மட்டும் மூடி உடனே திறந்து பார்ப்பது இன்னொரு சோதனை. அப்போதே வேகம் திரும்பினால் கேமின் நினைவகக் கசிவைச் சந்தேகிக்கலாம். திரும்பாவிட்டால் வெப்பத்தை. பிறகுதான் தூசி ஊதினோம், காய்ந்திருந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினோம், கணினியை ஷோகேஸிலிருந்து மேசைக்கு ஏற்றினோம். செலவு சில நூறு ரூபாய். ஃபேனை ஊதும்போது ஒரு குச்சியால் அது சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பலர் இதை மறந்து ஃபேனைக் கெடுக்கிறார்கள்.

கார்டு போயிடுச்சு என்றவரைத் திட்டவும் மனம் இல்லை. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஐந்து நிமிஷம் போட்டுப் பார்ப்பார்கள், அதற்குள் கோளாறு தெரியாது. தெரியாததற்கு விலை அதிகமான பாகத்தின் பெயரைச் சொல்வது எல்லாத் தொழிலிலும் நடக்கிறதுதான். ஆனால் அந்த விலையைக் கொடுப்பது அக்கா மாதிரி ஆட்கள்.

தீர்வு வீடியோ போடுகிறவர்களிடம் நான் கேட்பது நாலே விஷயம். அறை வெப்பம் எவ்வளவு என்று சொல்லுங்கள். கோளாறு வரும் நேரத்தைத் தாண்டி ஓடவிட்டுக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்பே அளந்து காட்டுங்கள்.

இப்போதும் மத்தியான வெயிலில் அந்தப் பிராசஸர் 90க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஷீட் வீட்டுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. பெரிய எடிட் வேலைகளைப் பையன் விடியற்காலையில் ரெண்டர் போடுகிறான். பழைய நோட்டில் புதுப் பக்கம் திறந்து தேதி, நேரம், அறை வெப்பம், பிராசஸர் வெப்பம் என்று நாலு கட்டம் போட்டு எழுதி வருகிறான். வளையல் அக்கா கையில்தான் இருக்கிறது.