கயிறும் முடிச்சும்

"மூன்று வருஷமாக நாவல் ஒன்றும் வரவில்லையே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர், பாவம், மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு நண்பர் மட்டும், விமரிசகர், வீட்டுக்கே வந்து பார்த்தார். அலமாரியின் மேல் இருந்த கப்பலைக் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "தத்ரூபமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தார்.

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. பத்து வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சரித்திர நாவலைப் பற்றியும் இதே நண்பர் இதே வார்த்தையைத்தான் எழுதினார். அப்போது அது பாராட்டு என்று எண்ணி மகிழ்ந்தேன். ஆனால் அந்த நாவல் செத்துப் பிறந்த குழந்தை என்பது எனக்கு இப்போது தெரியும். தத்ரூபம் என்றால் என்ன? எதற்குத் தத்ரூபம்? இந்தக் கேள்வியைக் கப்பலை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நாவலை வைத்துக்கொண்டு யோசித்தால் யாராவது எழுத்தாளர் கோபித்துக்கொள்வார்.

நான் கட்டிய கப்பல் விக்டரி. 1765-ல் வெள்ளோட்டம் கண்டது. 104 பீரங்கிகள். 1805 அக்டோபர் 21-ஆம் தேதி டிரபால்கர் போரில் நெல்ஸன் குண்டடிபட்டு மாண்டது இந்தக் கப்பலில்தான். அன்று அந்தக் கப்பலில் 821 பேர் இருந்தார்கள். 57 பேர் செத்தார்கள். வெள்ளைக்காரன் கப்பலை ஏன் கட்ட வேண்டும், பம்பாயில் நம் தேக்கு மரத்தில் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய கப்பல் ஒன்று, திருகோணமலையின் பெயரைத் தாங்கிக்கொண்டு, இன்னும் இங்கிலாந்தில் மிதக்கிறதே, அதைக் கட்டக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விக்டரியைப் பற்றிய வரைபடங்களும் புத்தகங்களும் கைக்குக் கிடைத்தன. இது ஒன்றே காரணம். நாவலாசிரியனும் பல சமயம் இப்படித்தான் விஷயத்தைத் தேர்ந்தெடுக்கிறான். பிறகு பெரிய காரணங்கள் சொல்லிக்கொள்கிறான்.

தொண்ணூற்றாறில் ஒரு பங்கு அளவு. அதாவது ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம். முகப்புக் கம்பம் நீங்கலாக 227 அடி நீளக் கப்பல் இருபத்தெட்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக அடங்கிவிடுகிறது. ஐந்தரை அடி மனிதன் முக்கால் அங்குலம்கூட இருக்க மாட்டான். உடலைக் கட்டுவது ஒரு வருஷ வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொறுமையும் உப்புக் காகிதமும் இருந்தால் யாருக்கும் வரும். கயிறு கட்டும்போதுதான் ஆள் யார் என்று தெரிகிறது. விக்டரிக்கு மொத்தம் 26 மைல் கயிறு என்பார்கள். என் கணக்கில் கால் மைலுக்குக் கொஞ்சம் மேல் நூல்.

இந்தக் கயிறுகளில் இரண்டு ஜாதி உண்டு. பாய்மரத்தை நிற்க வைக்கிறவை ஒரு ஜாதி. அவை அசையாதவை, கீல் பூசிக் கறுத்தவை. பாயையும் பருமலையும் ஏற்ற, இறக்க, திருப்ப உள்ளவை இன்னொரு ஜாதி. அவை கப்பிகளின் வழியாக ஓடுகிறவை. சணலின் சொந்த நிறத்தில் இருப்பவை. முதல் ஜாதியை முடித்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். பாய்மரத்தின் உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்கும் வடங்களை ஜோடி ஜோடியாகப் போட வேண்டும்: வலப்பக்கம் ஒரு ஜோடி, உடனே இடப்பக்கம் ஒரு ஜோடி. ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால் மரம் சாய்ந்துவிடும். பிறகு வடங்களின் குறுக்கே படிக் கயிறுகள். என் அளவில் அங்குலத்துக்கு ஆறு படி. ஒவ்வொரு வடத்தைக் கடக்கும்போதும் ஒரு முடிச்சு. தேன்மெழுகில் இழுத்த நூல், ஒரு இடுக்கி, ஒரு பூதக்கண்ணாடி. இப்படி எட்டு மாதம் போயிற்று.

எட்டு மாதமும் வீண். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சரக்குக் கப்பல்களில் முப்பது வருஷம் வேலை பார்த்து, சராங்காக ஓய்வு பெற்றவர். அவரைக் கூட்டி வந்து பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்போதுதான் ஓடு கயிறுகளில் நாலைந்து கட்டியிருந்தேன். அதில் ஒன்றைச் சுண்டு விரல் நகத்தால் தொட்டார்.

"ஏன் ஸார், இந்தக் கயிற்றை யார் இழுக்கிறது?"

"மாலுமிகள்தான்."

"எப்படிப் பிடிப்பான்? இது பனங்கட்டை மாதிரி இருக்கே. மனுஷன் கைக்குள்ளே அடங்காதே!"

என் தப்பு என்னவென்றால், கயிற்றின் அளவைப் பழைய புத்தகங்களில் அங்குலத்தில் சொல்லியிருப்பார்கள். 1794-ல் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து அந்த அட்டவணைகள் வழிவழியாக வருகின்றன. மூன்று அங்குலக் கயிறு என்றால் மூன்று அங்குலப் பருமன் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சுற்றளவு! நூலைச் சுற்றி அளந்தால் மூன்று அங்குலம். குறுக்கே சுமார் ஓர் அங்குலம்தான். உள்ளங்கைக்குள் கச்சிதமாக அடங்குகிற கயிறு. நான் எல்லாவற்றையும் மூன்று மடங்கு தடியாகக் கட்டியிருந்தேன். சராங்கு அட்டவணை ஒன்றையும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

அவர் போன பிறகு கத்திரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். வெட்ட ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அன்று இரவு என் சரித்திர நாவலை எடுத்து இரண்டு அத்தியாயம் படித்தேன். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் இருந்தது. ஆனால் அந்த வாளை யாரும் பிடிக்க முடியாது. அந்த நகைகளை அணிந்துகொண்டு எந்தப் பெண்ணும் மாடிப்படி ஏற முடியாது. எழுதுகிறபோது அட்டவணையைத்தான் பார்த்திருக்கிறேன். எந்தக் கைக்காக அந்த அட்டவணை எழுதப்பட்டது என்று கேட்கவில்லை.

சின்னக் கப்பல் கட்டுகிற கலையில் இரண்டு மரபுகளை அதன் ரசிகர்கள் எப்போதும் எதிரெதிராக நிறுத்துகிறார்கள். ஒன்று, பதினேழாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட கடற்படை நிர்வாகத்தின் மாதிரிகள். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு; பேரி மரம் போன்ற நயமான மரங்கள்; கீழ்ப் பாதிக்குப் பலகை அடிக்காமல் உள்ளே உள்ள விலா எலும்புகள் தெரியும்படி விட்டிருப்பார்கள். டைரி எழுதிப் புகழ் பெற்ற சாமுவேல் பீப்ஸ், கடற்படை நிர்வாகத்தில் இருந்தவர், இவற்றைச் சேர்த்து வைத்து ரசித்திருக்கிறார். படத்தில் பார்த்தாலே மூச்சு நின்றுவிடும். ஆனால் ஒரு வேடிக்கை: அந்த விலா எலும்புகள் நிஜக் கப்பலின் விலா எலும்புகள் அல்ல. நிஜத்தில் அந்த முறையில் மரங்களை அடுக்குவதில்லை. பார்வைக்கு அழகாக ஒரு சம்பிரதாயத்தை ஏற்படுத்திக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். நம் பழைய காவியங்களின் நாட்டு வருணனை மாதிரிதான். தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தத்ரூபம் என்று மட்டும் யாரும் சொல்லாமல் இருந்தால் போதும்.

மற்றது, சிறைக்கைதிகள் செய்த எலும்புக் கப்பல்கள். 1793 முதல் 1815 வரை, இடையில் சிறிது காலம் தவிர, பிரான்ஸுடன் நடந்த யுத்தங்களில் பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்தில் அடைபட்டிருந்தார்கள். பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-ல் இவர்களுக்கென்றே ஒரு பெரிய முகாம் கட்டினார்கள். சாப்பாட்டில் வந்த ஆட்டெலும்பு, மாட்டெலும்பைக் கழுவி, வெளுத்து, சீவி, பலகையாக்கிக் கப்பல் செய்தார்கள். கயிறுகளுக்குப் பட்டு நூல், சிலவற்றில் தலைமயிர். அடியில் ஒரு நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி ஏற்பாடும் உண்டு. சிறை வாசலில் சந்தை போட்டு விற்றார்கள்.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கண்ணீர் விடுகிறார்கள். துன்பத்தில் பிறந்தது, ஆகவே உயிருள்ளது என்கிறார்கள். இந்த வாதத்தை இலக்கியத்திலும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. துன்பம் யாருக்கும் நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதில்லை. எலும்புக் கப்பல்களில் பல, சந்தைக்காகச் செய்த சரக்குகள். பாய்மரம் அளவுக்கு மீறி உயரம். பீரங்கிகள் பெரிசு பெரிசாக. வாங்குகிறவன் இங்கிலீஷ்காரன் என்பதால் பிரெஞ்சுக் கப்பலுக்கு இங்கிலீஷ் பெயர். தொடர்கதைக்காரன் பார்க்கிற உத்தியோகம்தான் இது. அதன் சௌகரியங்களும் சங்கடங்களும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் தலைமயிர் விஷயத்தில் அவர்களிடம் நான் தோற்றுப்போனேன். மறுபடி கட்டத் தொடங்கியபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அங்குலச் சுற்றளவுள்ள மெல்லிய கயிறு, குறுக்கே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதைத் தொண்ணூற்றாறால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு வருகிறது. கடையில் அந்த அளவுக்கு நூல் தேடி அலைந்தேன். கடைசியில் பார்த்தால், அது மனிதத் தலைமயிரின் பருமன்! கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள் என்று நாம் பரிதாபப்படுகிறோம். அவர்களில் கடலில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கயிற்றை இழுத்த கை அவர்களுடையது. பாய்மரத்தின் உயரத்தைச் சந்தைக்காக நீட்டிய அதே ஆள், கயிற்றின் பருமனில் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சிருஷ்டியில் இருக்க முடியும் என்பதை நம் விமரிசகர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

அப்படியானால் மூலத்தைப் போய்ப் பார்த்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடாதா? தீராது. விக்டரி 1922 முதல் போர்ட்ஸ்மத் நகரில் உலர்துறையில் நிற்கிறது. பலகைகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் மாற்றியவை. அடிப் பாய்மரங்களோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வேறொரு போர்க்கப்பலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து நட்ட இரும்பு மரங்கள்! 2011-ல் பழுதுபார்ப்பதற்காக மேல்மரங்களையும் கயிறுகளையும் இறக்கிவிட்டார்கள். 1955-ல் நெபியன் லாங்ரிட்ஜ் என்பவர், தாம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் கட்டிய விக்டரியை வைத்து ஒரு தடிப் புத்தகம் எழுதினார். இன்றைக்கும் என் போன்றவர்களுக்கு அதுதான் வேதம். கதையே இல்லாத அந்தப் புத்தகத்தைப் பல சரித்திர நாவல்களைவிட ஆர்வத்தோடு படித்தேன். ஒவ்வொரு கயிறும் எங்கே புறப்பட்டு எந்தக் கப்பி வழியாகப் போய் எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்துகொண்டே போகிறார். ஒரு கயிற்றையும் நடுவழியில் விடுவதில்லை.

அவராலும் என்னாலும் ஜெயிக்க முடியாத ஒன்று உண்டு. அது எடை. நிஜக் கயிறு தன் கனத்தால் நடுவில் தொய்யும். நூலுக்குக் கனம் இல்லை. கம்பி மாதிரி விறைத்து நிற்கும். பசைத் தண்ணீர் தடவி, சின்ன எடையைத் தொங்கவிட்டு, காய வைத்துத்தான் தொய்வை உண்டாக்க வேண்டும். பாய்த் துணியும் அப்படியே, எவ்வளவு மெல்லிய துணியானாலும் இழை பெரிசாகத் தெரியும், காற்றில் உப்பாது. அதனால் நான் பாய் கட்டவே இல்லை. தொய்வைப் பொய்யாகச் செய்தேன், பாயை விட்டுவிட்டேன். முதலாவது தத்ரூபத்துக்காகச் சொன்ன பொய். இரண்டாவது என்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டது. என் கப்பலில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

தளத்தில் ஒரு மாலுமியைச் செதுக்கி நிறுத்திப் பார்த்தேன். முக்கால் அங்குலத்துக்கும் குறைவான ஆசாமி. இரண்டு கையாலும் ஒரு கயிற்றைப் பிடித்தபடி. பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கயிற்றை யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் எடுத்துவிட்டேன்.

போன மாதம் சராங்கு மறுபடி வந்தார். கப்பலைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கப்பல் விளிம்பில் வரிசையாக உள்ள முளைகளில் ஒன்றை நகத்தால் காட்டி, "இங்கே கட்டியிருக்கே, இது எங்கே போகுது?" என்று கேட்டார். பெரிய கப்பலில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு முளை நிச்சயமாக உண்டு. இருட்டிலும் மழையிலும் கை தானாக அங்கே போக வேண்டும் என்பதற்காக.

நான் பெயரைச் சொன்னேன். அவர் அந்த நூலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே போனார். ஒரு கப்பி, பிறகு இன்னொரு கப்பி, பருமலின் முனை, அங்கிருந்து திரும்பிக் கீழே. முளைக்கு வந்து சேர்ந்ததும் தலையை அசைத்தார்.

"சரிதான்" என்றார். "அடுத்தது?"

மொத்தம் பதினேழு கயிறுகள் கேட்டார். இரண்டு தப்பு.